விளக்கின் மேல் வைத்த பணம்

பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் நீள விளக்கின் வேலை வெளிச்சம் தருவது மட்டுமல்ல. அமெரிக்காவின் பழைய ஆட்டக் கூடங்களில் பந்தயப் பணம் அந்த விளக்கின் மூடிமேல்தான் இருக்கும். இருவரும் ஆளுக்கு நூறு டாலரோ ஆயிரம் டாலரோ மடித்து மேலே வைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வென்றவர் கையை உயர்த்தி எடுத்துக்கொள்வார். அவர் வாய்விட்டுக் கேட்கவும் வேண்டாம், தோற்றவர் பையைத் துழாவவும் வேண்டாம். பணத்துக்கு ஆடுகிறவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடுகளில் இதைவிடச் செம்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஹூஸ்டனில் நைன்பால், ஒன்-பாக்கெட் என்ற பில்லியர்ட்ஸ் வகைகளை ஆடி முடி நரைத்தவன் நான். இப்போதெல்லாம் ஆடுவதைவிடப் பிறர் ஆடும்போது பணத்தை வாங்கி வைத்திருக்கும் பொதுவாளாக இருப்பதுதான் அதிகம். இளைஞர்கள் என்னிடம் பந்துகளைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்கைப் பற்றியும் வெள்ளைப் பந்தை நிறுத்துவதைப் பற்றியும் கேட்பார்கள். ஜெயித்த பணத்தை எப்படி வாங்குவது என்று கேட்பவர் அபூர்வம். முதல் பிரேக்குக்கு முன்பே தீர்த்துவைக்க வேண்டிய காரியம் அது. ஆட்டம் முடிந்தபிறகு வாங்கும் வழியைத் தேடுகிறவர், அநேகமாக வாங்கப் போவதில்லை.

ஏன் முன்பே என்றால், பின்னால் போய் நிற்க ஓர் இடம் கிடையாது. இங்கிலாந்தில் 1710இல், ஆன் ராணியின் காலத்தில், ஒரு சட்டம் வந்தது. சூதாட்டக் கடனுக்காக எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லாது என்றது. ஒரே அமர்வில் பத்து பவுனோ அதற்கு மேலோ தோற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டவர், மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதே வழியில் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன. நம் ஊரிலும் நிலை வேறல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு பந்தய உடன்பாடு செல்லாது என்கிறது. பந்தயத்தின் முடிவைப் பொறுத்துக் கொடுக்கும்படி மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்த பணத்தைக் கேட்டும் வழக்குப் போட முடியாது என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. அந்த மூன்றாம் ஆள் என்னைப் போன்றவன்தான். என் கையில் இருக்கும் பணத்துக்கு நீதிமன்றம் காவல் இல்லை. அதனால்தான் பொதுவாளாக யாரை வைப்பது என்பதை, எந்த ஆட்டம், எத்தனை ஆட்டம் என்பதற்கும் முன்னால் பேச வேண்டும் என்கிறேன். பொதுவாள் அந்த ஆட்டத்தில் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டியிருக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். பணத்தை இருவர் கண்முன்னே எண்ணி வாங்க வேண்டும்.

கையில் பணமே இல்லாமல் ஆட வருகிறவனின் ஆட்டத்துக்கு இங்கே ‘ஏர் பேரல்’ என்று பெயர். பீப்பாய் நிறையக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் வாங்கிக்கொள்வான். தோற்றால் காரில் பணம் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று போவான். அவனை அடையாளம் காணப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பணத்தை மேலே வைக்கலாமா என்று கேட்டாலே போதும். பணம் உள்ளவர் மறுபேச்சின்றி எடுத்து வைப்பார். இல்லாதவர், என்னை நம்பவில்லையா என்று முகம் சுளிப்பார். இந்தக் கேள்வியில் அவமதிப்பு எதுவும் இல்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். வைக்கச் சொல்கிறவர் தன் பணத்தையும்தானே வைக்கிறார்!

ஏர் பேரலால் போவது பணம் மட்டுமல்ல, ஆட்டமும் கெடுகிறது. இழக்க எதுவும் இல்லாதவன் எந்தப் பந்தையும் துணிந்து அடிப்பான். எதிரே இருப்பவருக்கோ ஒவ்வொரு பந்தும் தன் சொந்தப் பணம். இரண்டு கியூக்களும் ஒரே எடையில் இல்லாத ஆட்டம் அது. மேசைக்கு மேலே இரண்டு பக்கத்துப் பணமும் இருக்கும்போதுதான், ஒன்பதாம் பந்து பாக்கெட்டின் வாயில் நிற்கையில் இருவருடைய கையும் ஒரே அளவு நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தாங்கி நேராக அடிப்பதற்காகத்தானே பணம் வைத்து ஆடுகிறோம்.

பணம் கைமாறும் முறை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நைன்பாலில் சிறிய எண்ணுள்ள பந்தை முதலில் தொட வேண்டும், ஒன்பதை முறையாகப் போட்டவர் ஜெயித்தார். சில நிமிடத்தில் ஒரு ராக், அதாவது ஓர் ஆட்டம், முடிந்துவிடும். அதனால் ராக்குக்கு ராக் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று நான்கு பேர் சுற்றி நின்று ஆடும் ரிங் ஆட்டத்தில் இது கட்டாயம். ஐந்தாம் பந்துக்கும் ஒன்பதாம் பந்துக்கும் தனித்தனியே பணம் என்று வைத்திருந்தால், பிறகு கணக்குப் பார்க்கலாம் என்ற சொல்லுக்கே இடம் தரக் கூடாது. இரவு ஒரு மணிக்கு நான்கு பேரின் நினைவில் நான்கு கணக்கு இருக்கும். அதில் பொய் சொல்கிறவர் யாரும் இருக்க வேண்டியதில்லை.

நீண்ட ஆட்டங்களுக்கென்று ஒரு வடிவம் உண்டு. ‘பத்து முன்னிலை’ என்று பேசிக்கொள்வார்கள். இத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கு இதில் இல்லை. எதிராளியைவிடப் பத்து ஆட்டம் முந்தியவருக்கு மொத்தப் பணமும். சமமான இருவர் மோதினால் தராசு முள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். இரவில் தொடங்கியது மறுநாளும் முடியாமல் போகலாம். முழுப் பணமும் முன்கூட்டியே பொதுவாளிடம் வந்துவிடுவதுதான் இந்த வடிவத்தின் அழகு. ஏழு ஆட்டம் பின்தங்கியவர் எழுந்து போனால், பணத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் சில கேள்விகளுக்கு முன்பே விடை வேண்டும். கூடத்தை மூடும் நேரம் வந்தால் எங்கே தொடர்வது? தூங்கப் போகலாமா, எத்தனை மணி நேரம்? உடம்பு முடியாமல் போனால்? மேசை வாடகை யாருடையது? நான் இவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதி இருவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பணத்தை வாங்குவேன். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கூடத்தில் உண்டு.

தோற்றவர் ‘இரட்டிப்பா, ஒன்றுமில்லையா’ என்று கேட்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கணக்கைப் பாருங்கள். நூறு டாலர் கடனோடு தொடங்கி ஐந்து முறை இரட்டித்து, ஐந்திலும் தோற்றால் கடன் 3200. ஆறாவதில் ஒருமுறை ஜெயித்தால் பூஜ்யம். நீங்கள் ஆறு ஆட்டம் ஜெயித்தும் கையில் காசில்லை, அவர் ஒரே ஆட்டம் ஜெயித்துச் சரியாகிவிட்டார். அவர் கொடுக்க முடியாத தொகை வரும்வரை இரட்டித்துக்கொண்டு போவதால் யாருக்கும் நன்மையில்லை. முந்தைய பணத்தை வாங்கிக்கொண்டு, புதிய தொகையை மேலே வைக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் எவ்வளவு பெரிய தொகைக்கும் ஆடலாம்.

பின்னால் முதலாளி நிற்கும் ஆட்டங்கள் தனிக் கதை. முதலாளி பணம் போடுவார், ஆட்டக்காரர் ஆடுவார். நஷ்டம் முழுக்க முதலாளிக்கு, லாபத்தில் பெரும்பாலும் பாதிப்பாதி. 1961இல் வந்த ‘தி ஹஸ்லர்’ படத்தை எல்லோரும் பால் நியூமனின் ஆட்டத்துக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பங்கு பிரிக்கும் படம். பணம் போடும் பெர்ட் கார்டன், லாபத்தில் முக்கால் பங்கு தனக்கு, கால் பங்குதான் நியூமன் நடித்த ஆட்டக்காரன் எடிக்கு என்று ஒப்பந்தம் பேசுகிறான். கடைசியில் எதிராளி மினசோட்டா ஃபேட்ஸை எடி தன் சொந்தப் பணத்தில் ஜெயித்தபோதும் பெர்ட் பங்கு கேட்கிறான், பாதி என்கிறான். எடி கொடுக்க மறுக்கிறான். அதற்கு விலையாகப் பெரிய கூடங்களின் கதவு அவனுக்கு அடைபடுகிறது. அதே படத்தில், அடித்துக் காட்டித் தன் திறமையை வெளிப்படுத்திவிட்ட எடியின் கட்டைவிரல்களை ஒரு கீழ்த்தரமான கூடத்தில் உடைக்கிறார்கள். பணம் வருவதோடு காரியம் முடிவதில்லை, பத்திரமாக வெளியே வர வேண்டும். தனக்கு ஒருவரும் தெரியாத ஊரில், கூடத்துக்காரருக்கும் தெரியாமல், பெரிய தொகைக்கு ஆடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

முதலாளி உள்ள ஆட்டத்தில் இன்னொரு நஞ்சு உண்டு. ஆட்டக்காரர் எதிராளியோடு ரகசியமாகப் பேசிவைத்து வேண்டுமென்றே தோற்று, முதலாளியின் பணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வது. இதற்குப் பொதுவாளால் மருந்து கொடுக்க முடியாது. பணம் மட்டும் போட்டால் போதாது, ஆளைத் தெரிந்து போட வேண்டும். சுற்றி நிற்பவர்களின் பக்கப் பந்தயமும் என் பொறுப்பில் வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் பெயரும் தொகையும் எழுதி வைப்பேன். பணத்தைக் கலந்த பொதுவாளை இரண்டாம் முறை யாரும் அழைப்பதில்லை.

இந்த ஒழுங்கை வளர்த்த ஊர்கள் உண்டு. தெற்கு இல்லினாயின் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சிற்றூரில், ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1961இலிருந்து ஆண்டுதோறும் போட்டி நடத்தினார்கள். நாடெங்கிலும் இருந்து பணத்துக்கு ஆடுகிறவர்கள் அங்கே கூடினார்கள். பகலில் போட்டி, இரவில் பந்தயம். 1972இல் மத்திய அரசின் அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டதோடு அது முடிந்தது. இன்றைக்கு அந்த இரவுகளின் தொடர்ச்சியைத் தேடுகிறவர்கள், 1999இலிருந்து லூயிவில் பக்கத்தில் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக்குக்குப் போகிறார்கள். இந்த ஒழுங்கில் இன்னொரு விதியும் உண்டு. பிலிப்பைன்ஸின் ஆட்டக்காரர் எஃப்ரன் ரெயெஸ் 1985இல் சீசர் மொராலஸ் என்ற பெயரில் டெக்சஸுக்கு வந்து ஆடினார். அவரோடு ஆடியவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அதைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்பதைக் கூட வழக்கம் ஏற்காது. எதிராளியை எடைபோடுவது ஆடுகிறவரின் வேலை. கைமாறிய பணம் கைமாறியதுதான்.

பணம் முன்பே மேலே இருக்க வேண்டும் என்ற பாடம் அதிகாரபூர்வமான பரிசுக்கும் பொருந்தும். 1996இல் டாலஸ் போட்டியில் தொடர்ந்து பத்து ராக் முடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் பதினொன்று முடித்தார். ஆனால் காப்பீடு பற்றிய தகராறு எழுந்து, பணம் சிக்கலில் மாட்டியது. இதற்கு எதிரே விளக்கின் மேல் இருக்கும் நாற்பது டாலரை நினைத்துப் பாருங்கள். தொகை சிறியது, ஆனால் அங்கேயே இருக்கிறது.

இப்போது கைபேசியில் பணம் அனுப்புகிறேன் என்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல பணச் செயலிகளின் விதிகளே சூதாட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. தகராறு வந்தால் பணமும் கணக்கும் முடங்கலாம். ரொக்கமாகக் கொண்டுவர முடியாத தொகைக்கு ஆட வேண்டாம். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த பணத்தோடு வருகிறவரின் பணத்தை நான் பிடிப்பதே இல்லை. அவர் முகத்திலேயே அது தெரியும். அவருக்கு எதிரே ஆட வந்தவரிடமும் சொல்லிவிடுவேன்.

பணத்தை வாங்குவதிலும் மரியாதை இருக்கிறது. ஜெயித்தவர் எல்லோரும் பார்க்க நோட்டுகளை விரித்து எண்ணக் கூடாது. முன்பே எண்ணியது நானே, அப்படியே பையில் வைத்துக்கொள்ளலாம். எழுந்து போக வேண்டியிருந்தால், ஒரு செட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தோற்றவர் இன்னொன்று கேட்டால் அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும். கொடுக்காமல் போனவனைத் துரத்தக் கூடாது, கைவைக்கக் கூடாது. அந்தக் கூடத்தில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். அடுத்த முறை அவன் யாரிடம் ஆட்டம் கேட்டாலும், முதலில் பணத்தை மேலே வை என்பார்கள். மாறாக, கடைசிப் பந்து விழுந்த நொடியிலேயே கொடுத்துவிட்டுக் கை குலுக்குகிற ஒருவருக்கு ஹூஸ்டனில் எந்த நாளும் ஆட்டம் உண்டு. கையில் பணமில்லாத இரவில்கூட அவருக்காகப் பணம் போட ஆள் இருக்கிறது. நானே போட்டிருக்கிறேன்.