சாய்ந்த வெளிச்சம்

"டார்ச்சை நேரா அடிக்காதம்மா. சுவத்தை ஒட்டி, பக்கவாட்டுல பிடி."

என் செல்போனுக்குள் இருந்து மேடம் சொன்னார். சென்னையில் கல்வெட்டு படிப்பவர். திரையில் அவர் முகம் கட்டைவிரல் அகலம்தான். பாகூர் மூலநாதர் கோயில். சாயரட்சை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் டார்ச்சைச் சாய்த்தாள். அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த கல்லில் நிழல் விழுந்து, எழுத்து எழுந்து வந்தது. "க, ச, சி..." என்று தடுமாறினாள். "புள்ளி இருக்காதுடா. நீதான் வச்சுக்கணும்" என்றார் மேடம். கச்சி! கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன். அதாவது, தக்காணத்திலிருந்து வந்த ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் எங்கள் ஊர்ச் சுவரில். அந்தச் சுவரில் முதுகு சாய்த்து எத்தனை பிரதோஷத்துக்குச் சுண்டல் தின்றிருப்பேன்!

சின்ன வயதில் அந்த எழுத்தை விரலால் தடவினால் ஆயா கையைத் தட்டிவிடுவாள். "அதெல்லாம் சாமி எழுத்து, தொடாத." ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏரிக்கரையில் நடந்தால் அவளிடம் கதை இருக்கும். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள், அக்கா தங்கச்சி. பெண்ணையாற்றுத் தண்ணியைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவர வாய்க்கால் வெட்டினார்களாம். சொர்ணாவூர் அணையிலிருந்து வரும் அதற்கு இன்றைக்கும் பங்காரு வாய்க்கால் என்றுதான் பெயர். மதகு திறந்து புதுத் தண்ணி வந்தால் ஆயா அதில் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வாள்.

சாமி எழுத்து என்று ஒதுங்காத ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார், பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அந்தத் தொகுப்பை கோ. விஜயவேணுகோபால் பதிப்பிக்க, 2006-இலும் 2010-இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மைப்படி எடுக்கும் சத்தம் கேட்கும். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். காய்ந்த தாள் உரிந்து வரும்போது கல்லே தோல் உரிப்பது போல இருக்கும்.

மேடத்தோடு பேசிய பிள்ளைகள் ஆறு பேர், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களிலிருந்து. ஆளுக்கொரு வரலாற்று ப்ராஜெக்ட். வாரம் ஒருநாள் சாயங்காலம் மேடம் இணையத்தில் வருவார். பாடம் நடத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேள்விதான் கேட்டார். கீழூரைப் பற்றி எழுதிய பையன், 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் வாக்களித்ததில் 170 பேர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் இந்தியாவோடு இணைய ஆதரவு என்று பெருமையாக வாசித்தான். "சரி, அந்த எட்டுப் பேர் ஏன் வேணாம்னாங்க?" என்றார் மேடம். கீழூர் நினைவிடத்துக்கு எத்தனையோ முறை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

திருபுவனைப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு அதிர்ஷ்டம். 1048-ஆம் ஆண்டு, சோழன் முதலாம் இராஜாதிராஜன் காலம். அங்கே ஒரு கல்லூரி. 260 மாணவர், 12 ஆசிரியர். 72 வேலி நிலம், வருஷத்துக்கு 12,000 கலம் நெல். "மிஸ், அப்ப ஹாஸ்டல் மாதிரியா?" என்று கேட்டாள். பாகூருக்கு அதற்கும் முந்திய கதை உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடக்க மூன்று ஊர் விளைச்சல்! அதைச் சொல்லும் செப்பேடு ஐந்து இதழ். 1879-இல் கிடைத்தது, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் அதை அச்சிட்ட பக்கத்தில் மட்டுமே பார்த்தார்கள். ஒருமுறையாவது அந்தச் செம்பு இந்த ஊருக்கு வந்து போக வேண்டும் என்பது என் தீராத ஆசை.

டார்ச் பிடித்த பெண்ணின் ப்ராஜெக்ட் பங்காரு வாய்க்கால். வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் ஏரிக்கரை மேட்டில் உட்கார்ந்து பேசினோம். பங்காரி, சிங்காரி கதையை அவள் சொல்லி முடித்ததும் மேடம் கேட்டார்: "இது யார் சொன்னா?"

"எங்க ஆயா."

"எழுத்துல எங்கயாவது இருக்கா?"

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது, அது என் ஆயாவின் கதையும்தானே. அதற்குள் படம் உறைந்தது, சத்தம் அறுந்தது. காற்றில் கோரை சலசலத்ததைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தோம். திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இல்லேன்னா தப்பில்லம்மா. கல்வெட்டு ஒரு சாட்சி, ஆயா இன்னொரு சாட்சி. கல்வெட்டுல யார் கொடுத்தா, எந்த ஆண்டு, எந்த ஊருன்னு இருக்கு பாரு? ஆயா சொன்னதுக்கும் அதெல்லாம் எழுதி வை. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத."

என் ஆயா சொன்னதை நான் எழுதி வைக்கவில்லை. அவள் அதை யாரிடம் கேட்டாள் என்றும் கேட்கவில்லை. கேட்க இப்போது ஆள் இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவள் ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முழுப் பெயர், பிறந்த ஊர், வயது, கதையை யாரிடம் கேட்டது என்று பேத்தி நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"என் பேரு எதுக்குடி?"

"வேணும் ஆயா. சொல்லு."

"எங்கம்மா சொன்னது. நாத்து நடறப்ப சொல்லுவா" என்று தொடங்கியவள், கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு, தன் அம்மாவின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.