இது வேற சேலம்! துருப்பிடித்த பிளேயருக்கு மறுவாழ்வு தரும் ஓரிகன்

சேலம் என்றதும் மாம்பழமும் ஏற்காடும் கண்முன் வந்தால், கொஞ்சம் பொறுங்கள். இது அமெரிக்காவின் மேற்குப் பக்கம், ஓரிகன் மாநிலத்தின் தலைநகரம். ஆங்கிலத்தில் எழுத்துகூட ஒன்றேதான். நம்ம சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக்காலை இருக்கிறது. அந்தச் சேலத்துக்கோ, ஆளில்லாமல் போன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கருவிகள் வந்து சேர்ந்திருக்கின்றன, பெட்டி பெட்டியாக.

எல்லாம் விமான நிலையங்களில் பயணிகள் விட்டுப்போனவை. கைப்பையில் கத்தி இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். திரும்பிப் போய் லக்கேஜில் போடலாம், வழியனுப்ப வந்தவரிடம் கொடுக்கலாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டால்? அங்கேயே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அப்படிச் சேர்பவற்றைப் பல மாநில அரசுகள் வாங்கி விற்கின்றன. ஓரிகன் அரசின் உபரிப் பொருள் கிடங்கு சேலத்தில் இருக்கிறது. பழைய அலுவலக நாற்காலிகளோடு இந்தக் கத்திகளும் அங்கே விற்பனைக்கு வந்திருக்கின்றன, இணைய ஏலத்திலும் போயிருக்கின்றன. ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பது வாங்குபவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

இந்தக் குவியலில் விவரம் தெரிந்தவர்கள் தேடுவது மல்டி டூல். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் கட்டிங் பிளேயர். கைப்பிடிக்குள்ளே கத்தி, அரம், ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர். ஒரு சின்ன பட்டறையே பாக்கெட்டில்!

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கருவியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய லெதர்மேன் நிறுவனம், சேலத்திலிருந்து வடக்கே சுமார் 75 கிலோமீட்டர் தள்ளியுள்ள போர்ட்லேண்டில் இருக்கிறது. தொழிற்சாலை இருப்பதோ போர்ட்லேண்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. செய்கிற இடமும் பிடுங்குகிற இடமும் கிட்டத்தட்ட அக்கம்பக்கத்து வீடு!

கதை தொடங்கியது 1975-ல். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்த டிம் லெதர்மேனும் அவர் மனைவி சாவும் 300 டாலருக்கு ஒரு பழைய ஃபியட் காரை வாங்கிக்கொண்டு ஐரோப்பா சுற்றக் கிளம்பினார்கள். கார் அடிக்கடி மக்கர் செய்தது. மலிவு விலை ஹோட்டல்களில் குழாய் ஒழுகியது. டிம்மிடம் இருந்தது ஒரு பாக்கெட் கத்தி மட்டும்தான். 'இதோடு ஒரு பிளேயரும் இருந்தால்?' என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ஊர் திரும்பியதும், ஒரே மாதத்தில் செய்துவிடுவேன் என்றாராம். ஆனது மூன்று வருடம்! அதுவரை குடும்பம் ஓடியது சாவின் சம்பளத்தில். கண்டுபிடிப்பாளர்கள் கதையில் இந்த வரியைச் சின்னதாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிதாகப் போட வேண்டிய வரி.

1980-ல் காப்புரிமை கிடைத்தது. கத்தி கம்பெனிகள், 'இது டூல், கத்தி இல்லை' என்றன. டூல் கம்பெனிகளோ, 'இது ஏதோ விளையாட்டுச் சாமான்' என்றன. கடைசியில் கல்லூரி நண்பர் ஸ்டீவ் பெர்லினருடன் சேர்ந்து அவரே தயாரிப்பில் இறங்கினார். 1983-ல் ஒரு தபால் விற்பனை நிறுவனம் 500 கேட்டது. அதன்பின் நிற்கவே இல்லை.

அந்த முதல் மாடலின் பெயர் பி.எஸ்.டி. 2004-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் பழையதைத் தேடி இத்தனை கைகள். பல கருவிகளின் கைப்பிடி உட்புறத்தில், தயாரான மாதமும் வருடமும் எண்களாகப் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதைப் படிப்பதே ஒரு தனி சுகம் என்கிறார்கள் சேகரிப்பவர்கள்.

வாங்கிய கருவி முதல் நாள் பார்க்கச் சகிக்காது. மூட்டுகளில் பாக்கெட் பஞ்சு, காய்ந்த பசை, கறுத்த எண்ணெய். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதி அழுக்கு போய்விடும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்காதீர்கள். கத்திக்கான ஸ்டீல் கடினமாக இருக்க வேண்டும். அதற்காகக் கார்பன் சேர்க்கும்போது துருவைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறைகிறது. உப்புத் தண்ணீர் பட்டு அப்படியே மடித்து வைத்தால் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து வினிகர். ஆனால் ராத்திரி முழுக்கப் போட்டு மறந்துவிட்டால் இரும்பையே அரித்துவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

முனை உடைந்த கத்தி வந்தால்தான் கைத்திறன் தெரியும். புதியவர்கள் கூர்மையான பக்கத்தைத் தேய்ப்பார்கள். அனுபவசாலிகள் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து, புது முனையைப் பழைய கூரோடு சேர்ப்பார்கள். மெஷினில் தேய்க்கும்போது நிமிடத்துக்குப் பலமுறை தண்ணீரில் முக்க வேண்டும். உலோகம் நீலமாக மாறிவிட்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கத்தியில் கூர் நிற்காது.

வேவ் போன்ற பின்னாளைய மாடல்களில் நட்சத்திரக் குழி போட்ட டார்க்ஸ் ஸ்க்ரூ இருப்பதால் கழற்றி மாட்டலாம். பிளேயர் மூக்கு உடைந்த ஒன்று, கத்தி தேய்ந்த ஒன்று, இரண்டையும் பிரித்து ஒன்றைப் பிழைக்கவைப்பது இவர்களுக்குப் பிடித்த வேலை. ஸ்க்ரூவைக் கால் சுற்று அதிகம் முறுக்கினால் கத்தி நகராது. குறைத்தால் தொளதொள. அந்தக் கால் சுற்றுக்காக ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

இவ்வளவு ஏன், கம்பெனிக்கே அனுப்பலாமே? 25 வருட வாரண்டி இருக்கிறது. சரிசெய்ய முடியாவிட்டால் வேறு கொடுத்துவிடுவார்கள். சிக்கலும் அங்கேதான். அப்பா 20 வருடம் இடுப்பில் சுமந்த கருவியை அனுப்பினால், பளபளவென்று புதுசு வரலாம். ஆனால் அது அப்பாவுடையது இல்லையே! வீட்டிலேயே பிரித்து மாற்றங்கள் செய்தால், வாரண்டி கைவிட்டுப் போகலாம். எது வேண்டும் என்பதைப் பொட்டலம் கட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

விமான நிலையக் குவியலிலிருந்து வருபவற்றிலும் சிலசமயம் யாரோ ஒருவரின் பெயரெழுத்துகள் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டு அழிப்பதா, விடுவதா என்று பழுதுபார்ப்பவர்களிடையே இரண்டு கட்சி. விற்பதற்காக வாங்குபவர்கள் பெரும்பாலும் அழித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் துருவை மட்டும் எடுத்து, எழுத்துகளைச் சுற்றி மெதுவாகத் துடைத்து, அப்படியே மடித்து வைத்துவிடுகிறார்கள்.