மூன்றாவது பாட்டு

பெக்கான் நானாஸ் என்றதும் பலருக்கு அன்னாசிப்பழம்தான் நினைவுக்கு வரும். ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. அதற்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. எனக்கோ எங்கள் ஊர்ச் சடக்குகள்தாம் நினைவுக்கு வரும். அன்னாசிக்கு உகந்த அந்தச் சதுப்பு மண் மெத்தையைப் போன்றது. அதன் மேல் தார் போட்டால் சில ஆண்டுகளில் அங்கங்கே அமிழ்ந்து, சடக்கு அலை அலையாகிவிடும்.

அப்பா அன்னாசி லோரி ஓட்டுகிறார். லோரியை விட்டு இறங்கினால் எங்கள் பழைய காடியில் பாட்டுக் கேட்பதுதான் அவருக்கு ஓய்வு. அதுவும் சிடியில்தான். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் ‘குறுவட்டு’ என்றே எழுதச் சொல்வார். அப்பாவிடம் அப்படிச் சொன்னால் எந்த வட்டு என்று கேட்பார். ஆகவே இங்கும் சிடி என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் வீட்டிலிருந்தபோது தேர்வு முடிவு வந்தது. இலக்கமுறைத் தொடர்பியல் பாடத்தில் தோற்றிருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஓர் எழுத்தைப் பலமுறை பார்த்தேன். மாலையில் அப்பா கேட்டார்.

“ரிசல்ட் வந்துருச்சா பாப்பா?”

“இன்னும் வரலப்பா.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. “சரி, நீதான் எலெக்ட்ரிக்கல் படிக்கிறியே. நம்ம காடியில சிடி குதிச்சிக்கிட்டே இருக்கு. என்னான்னு பாரேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் காலை காடிக்குள் போய் உட்கார்ந்தேன். கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டு யு.எஸ்.பி. வைத்த புதிதாக ஒன்று வாங்கலாம் என்பது என் முதல் யோசனை. அம்மாவின் யோசனை காடியையே விற்றுவிடலாம் என்பது. அப்பா இரண்டையும் காதில் வாங்கவில்லை. லென்ஸ் துடைக்கும் தூரிகை வைத்த சிடி ஒன்றை ஏற்கெனவே வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தார். பலனில்லை.

“எப்பப்பா குதிக்குது?” என்றேன்.

“எப்பவும்தான்.”

இந்த ‘எப்பவும்’தான் எங்களை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. அப்பாதான் வழி சொன்னார். லோரியில் சத்தம் கேட்டால் ஒரே நேரத்தில் பத்தை மாற்றக்கூடாதாம். ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்தது. சோதனைக்கூடத்தில் இதே வார்த்தையை ஆங்கிலத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். செய்ததில்லை.

காடியை வீட்டுவாசலில் நிறுத்தியபடியே இரண்டு சிடிகளைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று கடையில் வாங்கிய அசல் சிடி. மற்றொன்று மாமா கணினியில் பதிந்து கொடுத்தது. அசல் முழுதும் ஒழுங்காக ஓடியது. மாமாவின் சிடி மூன்றாவது பாட்டில், சரணம் தொடங்கும் அதே இடத்தில் குதித்தது. மறுபடி போட்டோம். அதே இடம். பிறகு தோட்டத்துச் சடக்கில் ஓட்டிப் பார்த்தோம். அங்கே அசல் சிடியும் குதித்தது, ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். பழுது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு மெல்லிய தகடுகளைச் செருகிக் கருவியை வெளியே இழுத்தோம். (இதைப் படித்துவிட்டு யாரும் உடனே கழற்றிவிட வேண்டாம். சில கருவிகள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும்.) கருவியின் பின்புறத்தைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட் அங்கே இல்லவே இல்லை. இத்தனை ஆண்டுகளாக அது முன்பக்கச் சட்டத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்கம் ஆடினால் உள்ளே லேசர் என்ன செய்யும்? அப்பா துளைத் தகடு ஒன்றைத் தேடி எடுத்து, பழைய டியூப் ரப்பரை இடையில் வைத்து முடுக்கினார். அவர் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

மாமாவின் சிடி என் பங்கு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகக் கீறல்கள்.

“எதுலப்பா துடைச்சீங்க?”

“கண்ணாடி துடைக்கிற துணியிலதான். நல்லா சுத்திச் சுத்தி.”

“சுத்தித் துடைக்கக் கூடாதுப்பா. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேராத் துடைக்கணும்.”

“ஏன்?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இதை நான் படித்தது ஆங்கிலத்தில். அதற்கு முன் ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளியில் அறிவியல் எனக்கு மலாயில் வந்தது. தமிழில் அறிவியல் பேசியது ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். சிடியில் பாட்டு ஒரே நீளத் தடமாக, உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனில் நாற்பது சுற்றாவது அடங்கும். 780 நானோமீட்டர் அலைநீள லேசர் அதைப் படிக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தை மட்டும் கெடுக்கும். தடத்தோடு கூடவே வளைந்து போகும் கீறல் ஒரே இடத்தில் நிறைய அழித்துவிடும்.

“அப்ப சின்னக் கீறலுக்கெல்லாம் குதிக்கணுமே. குதிக்கலையே?” என்றார் அப்பா.

நான் தேர்வில் தோற்ற கேள்வி கிட்டத்தட்ட அதுதான். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம். சோனியும் பிலிப்ஸும் 1982-இல் சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது அதற்குள் இருந்தது. தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் பாட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். எப்படி என்பதற்கான சமன்பாடுகளை மனப்பாடம் செய்து, தேர்வு மண்டபத்தில் மறந்தவள் நான். அப்பாவிடம் சமன்பாடு செல்லாது. அன்னாசியை எடுத்தேன்.

“பத்துக் கடைக்குப் பழம் போகுதுன்னு வைங்கப்பா. ஒரு கடைக்கு ஒரு லோரின்னு அனுப்பினா?”

“லோரி கவுந்தா அந்தக் கடைக்காரன் கத்துவான்.”

“ஒவ்வொரு கடைப் பழத்தையும் பத்து லோரிலயும் பிரிச்சு ஏத்தினா?”

“ஆளுக்கு ஒரு கூடைதான் குறையும்.” சற்று யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “பில்லுல மொத்தம் இருக்குமே. வந்ததைக் கழிச்சா அந்தக் கூடையில எத்தனை பழம் இருந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.”

நான் பேசாமல் இருந்தேன். கலந்து அடுக்குவதை நான் சொன்னேன். கூடுதலாகச் சேர்த்து அனுப்பும் சரிபார்ப்பு எண்ணை, நான் சொல்லாமலே, அவர் சொல்லிவிட்டார். பாடநூலில் அது இரண்டு அத்தியாயம்.

“ரெண்டு லோரி கவுந்தா?” என்றேன்.

“ஒரு பில்லு பத்தாது. வேற கணக்கு வேணும்.”

அந்த ‘வேற கணக்கை’த்தான் ரீட்டும் சாலமனும் போட்டார்கள்.

சாயங்காலம் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். அசல் சிடி பள்ளத்தில் குதிக்கவில்லை. மாமாவின் சிடி மூன்றாவது பாட்டில் குதித்தது. கீறலுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா, அதை அது தாண்டிவிட்டிருந்தது. அப்பா நான்காவது பாட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்பா, ரிசல்ட் வந்துருச்சு. இப்ப சொன்னேனே, அந்தப் பாடம்தான் எனக்குப் போச்சு.”

அவர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

“எத்தனை பாடம்?”

“ஒண்ணுதான்.”

“தெரியும், என்னமோ இருக்குன்னு. மறுபடி எப்ப எழுதணும்?”

“அடுத்த செமெஸ்டர்.”

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அப்பா திரும்பாமல் பொந்தியான் பக்கம் நேராக விட்டார்.

“ரெண்டு லோரி கவுந்தா என்ன கணக்குன்னு சொல்லு. கேப்போம்.”