மார்கழி மழையும் நூற்றைம்பது வெள்ளிக் காரும்



பனி பொழியும் நாடுகளில் கார்ப் பந்தயப் பிரியர்களுக்குக் குளிர்காலம் ஓய்வுக் காலம் அன்று, பட்டறைக் காலம். பந்தயத் தடங்கள் மூடிக் கிடக்கும் அம்மாதங்களில் வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்றை நிறுத்தி, கையிலிருக்கும் பணத்திற்குள் அதை 'டிராக்' பந்தயத்திற்கு ஆயத்தம் செய்வார்கள். வளைவே இல்லாத பந்தயம் அது. இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் ஓடும். அதில் பாதியான 201 மீட்டர் தூரப் போட்டியும் உண்டு. 1950இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் விமான ஓடுதளம் ஒன்றில் இப்பந்தயம் முறையாக நடக்கத் தொடங்கியது.

நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆயினும் பருவமழையும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துவரும் மாதங்கள் உண்டு. சென்ற ஆண்டின் அம்மழை நாள்களில், ஃபேரர் பார்க்கிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் தங்கை மகன் ஒரு டிராக் காரைக் கட்டி முடித்தான். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒன்றை அந்தக் கார் எனக்குப் புதிய கோணத்தில் காட்டியது. ஆகவேதான் இக்கட்டுரை.

நவம்பர் இறுதியில் அவனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்திருந்தது. மோசமான முடிவு அன்று. ஆனால் எதிர்வீட்டு நண்பனின் முடிவு அதனினும் நன்றாக இருந்தது. உறவினர் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் முதல் கேள்வி இவனுடைய மதிப்பெண்ணைப் பற்றியதாகவும், இரண்டாம் கேள்வி அந்த நண்பனுடையதைப் பற்றியதாகவும் இருந்தது. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தமிழை உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு எளிய நிலையில் படிக்க முடியுமோ அந்நிலையில் படித்தால் போதும் என்று தன் தாயிடம் சொல்லிவிட்டான். தங்கை அவனை விடுமுறைக்கு என் வீட்டில் விட்டுச் சென்றாள்.

வெளிநாட்டார் கொட்டகையில் கார் கட்டும் காணொளிகளை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "பெரியம்மா, நாம் இப்படிக் கட்ட முடியாதா?" என்று ஒருநாள் கேட்டான்.

முழு அளவுக் கார் என்றால் முடியாது. அடுக்குமாடி வீட்டில் கொட்டகை ஏது? சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருப்பதற்கு உரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. இயந்திரத்தை மாற்றுவதற்கும் அனுமதி தேவை. இத்தனைக்கும் நாங்கள் வசிக்கும் இடம் பந்தயத்தால் பெயர் பெற்றது. 1843 முதல் 1933இல் புக்கித் தீமாவுக்கு இடம் மாறும்வரை இங்கே குதிரைப் பந்தயம் நடந்தது; ரேஸ் கோர்ஸ் சாலை அதன் நினைவுதான். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலில்தான்.

அவனுக்கு நான் கோயம்புத்தூர் கரிவரதன் அவர்களின் கதையைச் சொன்னேன். சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி வந்தது. பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது செல்வர்க்கே இயலும் என்றிருந்த காலம். கரிவரதன் அவர்கள் உள்நாட்டில் எளிதாகக் கிடைத்த மாருதி 800 காரின் சிறிய இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 796 சிசி கொள்ளளவு, மூன்றே சிலிண்டர்கள். அந்த 'ஃபார்முலா மாருதி' வகைக் காரில் தொடங்கியவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கையிலுள்ளதைக் கொண்டு தொடங்குவது தாழ்வன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் கையிலிருந்தது அவனுடைய தீபாவளி அன்பளிப்புப் பணம் நூற்றைம்பது வெள்ளி. ஆகவே பத்தில் ஒரு பங்கு அளவில், தொலைவிலிருந்து இயக்கும் மின்சாரக் கார் ஒன்றைக் கட்ட முடிவு செய்தோம். 201 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு 20.1 மீட்டர். எங்கள் புளோக்கின் கூடைப்பந்துத் திடலின் நீளம் 28 மீட்டர். ஓடுவதற்கு 20 மீட்டரும் நிறுத்துவதற்கு 8 மீட்டரும் போதுமானவையாக இருந்தன.

மோட்டாரும் இயக்குகருவியும் சேர்ந்த பழைய அடிச்சட்டம் எழுபது வெள்ளி. மின்கலம் இருபத்தெட்டு. மென்மையான பின்சக்கர ரப்பர்கள் இருபத்து நான்கு. இரண்டு சிறு பல்சக்கரங்கள் பன்னிரண்டு. மீதிப் பதினாறு வெள்ளியில் ஜாலான் புசார் கடைகளில் திருகாணி, ஒட்டுப்பலகை, வண்ணம் ஆகியவற்றை வாங்கினோம். மேல்மாடியில் வசிக்கும் பெரியவர் முப்பது ஆண்டுகள் கார்ப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஈயப் பற்றுவைப்பு வேலையை அவர் தம் மேற்பார்வையில் செய்வித்தார்.

நான் விதித்த நிபந்தனை ஒன்றே: ஒவ்வோர் ஓட்டத்தையும் குறிப்பேட்டில் தமிழில் எழுதவேண்டும். முதல் நாள் அவன் எழுதியது ஒரே வரி: "கார் போகவில்லை. சக்கரம் சும்மா சுற்றியது." பெரியவர் அதைப் படித்துவிட்டு, "பிடிமானம் இல்லை தம்பி" என்றார். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அன்று முதல் பிடிமானத்தைத் தேடுவதே அவன் வேலையாயிற்று.

கார் முன்னோக்கிப் பாயும்போது எடை பின்சக்கரங்களின்மீது சாய்கிறது. ஆகவே மின்கலத்தைப் பின் அச்சை நோக்கி நகர்த்தினான். பிடிமானம் கூடியது, ஆனால் முன்பக்கம் வானை நோக்கி எழும்பியது. சைக்கிள் கம்பியை வளைத்து, பழைய பொம்மையின் இரு சக்கரங்களைப் பொருத்தி, பின்னால் ஒரு தாங்குகம்பி அமைத்தான். அடுத்து, இருபத்து மூன்று பற்கள் கொண்ட மோட்டார்ப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பத்தொன்பது பற்கள் கொண்டதை மாட்டினான். உச்ச வேகம் குறையும். ஆனால் புறப்பாடு விரைவாகும். இருபது மீட்டரில் உச்ச வேகத்திற்கு இடமேது? கைப்பேசியில் வினாடிக்கு 240 படங்கள் வீதம் பதிவு செய்து, படங்களை எண்ணி நேரத்தைக் கணக்கிட்டோம். 3.2 வினாடி 2.9 ஆயிற்று.

மேலும் ஒரு மின்கலத்தை ஏற்றினால் இன்னும் வேகம் வருமே என்றான். பெரியவர் சிரித்தார். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். தேர்வுக்காகப் படித்த குறள்தான். அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டபோது அவனுக்கு அது வேறாகப் பட்டது போலும். குறிப்பேட்டில் தானாகவே எழுதிக்கொண்டான்.

பிறகு பந்தயம். எதிர்வீட்டு நண்பனிடம் கடையில் வாங்கிய விலையுயர்ந்த கார் இருந்தது. அது 2.1 வினாடியில் ஓடும். நேருக்கு நேர் நின்றால் எங்கள் கார் ஒருநாளும் வெல்லாது. ஆனால் டிராக் பந்தயத்தில் 'பிராக்கெட்' என்றொரு முறை உண்டு. சாதாரணக் கார் வைத்திருப்போரும் போட்டியிடுவதற்காக ஏற்பட்ட முறை அது. ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். மெதுவான கார் அந்த வேறுபாட்டின் அளவு முன்னதாகப் புறப்படும். முதலில் கோட்டைத் தொடுவது வெல்லும். ஆனால் அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடிவிட்டால் தோல்வி. ஆகவே நேரத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றவும் முடியாது.

எங்களவன் 2.9 என்று எழுதிக் கொடுத்தான், நண்பன் 2.1 என்றான். 0.8 வினாடி இடைவெளியில் இரண்டு ஒலிகளைக் கைப்பேசியில் பதிந்து, முதல் ஒலிக்கு இவனும் இரண்டாம் ஒலிக்கு அவனும் புறப்பட்டார்கள். முதல் சுற்றில் இவன் வென்றான். இரண்டாம் சுற்றிலும் இவன் கார்தான் முதலில் கோட்டைத் தொட்டது. படங்களை எண்ணினால் 2.84.

"வேகமாக ஓடியும் தோற்பதா, பெரியம்மா?"

"நீ சொன்ன சொல்லுக்கும் உன் கார் ஓடியதற்கும் இடைவெளி வந்துவிட்டதே" என்றேன். அவன் வாதாடவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினான். மின்கலம் முழுதும் நிறைந்திருக்கும்போது மட்டும் கார் சற்று விரைவாக ஓடுவதைக் கண்டுபிடித்து, மூன்றாம் சுற்றுக்கு 2.8 என்று மாற்றிக் கொடுத்தான். இடைவெளியும் 0.7 ஆகக் குறைந்தது. ஐந்து சுற்றுகளில் மூன்றை வென்றான். நண்பனின் கார் விரைவானதுதான். ஆனால் அது ஒவ்வொரு முறையும் எப்படி ஓடும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை. அவனும் மறுநாள் ஒரு குறிப்பேடு வாங்கி வந்தான்.

பெற்றோர்களே, தேர்வு என்பது பிராக்கெட் பந்தயம் அன்று என்பதை நான் அறிவேன். அங்கே யாரும் யாருக்கும் முன்னதாகப் புறப்படுவதில்லை. ஆனால் தேர்வுக்குப் பின் வரும் தெரிவுகள் பெரும்பாலும் இத்தகையவையே. 2024 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்னும் நிலைகளில் பயில்கிறார்கள். தமிழில் அவன் பெற்ற அடைவுநிலைக்கு, பிற பாடங்களை ஜி2இல் படித்தாலும் தமிழை ஜி3இல் படிக்கும் தகுதி இருந்தது. "சுமை கூடிவிடும்" என்று தங்கை தயங்கினாள். அத்தயக்கம் நியாயமானது, அச்சு முறியும் என்ற எச்சரிக்கையும் அதுதானே. நான் எதுவும் வற்புறுத்தவில்லை. அவனுடைய குறிப்பேட்டை மட்டும் அவளிடம் கொடுத்தேன். முதல் நாள் ஒரு வரி. கடைசி நாள் ஒன்றரைப் பக்கம்: பிடிமானம், பல்சக்கரம், அச்சு, தாங்குகம்பி, முன்னறிவித்த நேரம், எல்லாம் அவன் கையெழுத்தில்.

ஜனவரியில் பள்ளியில் கேட்டபோது, கணிதம் ஜி2, தமிழ் ஜி3 என்று அவனே சொன்னான். நண்பன் என்ன எடுத்தான் என்று அவன் கேட்கவில்லை. இந்தத் தெரிவு எப்படி அமையும் என்பதை வரும் ஆண்டுகள் சொல்லட்டும். தன் பிள்ளையின் நேரத்தைப் பிறர் பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிடுவதற்கு முன், அப்பிள்ளையே பலமுறை ஓடிப் பார்த்து அதனை அறிந்துகொள்ள ஒரு விடுமுறையேனும் கொடுங்கள்.