ஒரே வரிசையில் அமர வைத்த மகான்



நம் தோட்டப்புறங்களில் பழைய ஆட்கள் சீக்கியர்களை ‘வங்காளி’ என்றே அழைத்து வந்தார்கள். காவல் வேலைக்கும், மாட்டு வண்டிக்கும், பால் வியாபாரத்துக்கும் பேர்போனவர்கள் அவர்கள். உண்மையில் அவர்கள் வங்காளத்தார் அல்லர், பஞ்சாபியர். 1873-இல் பேராக்கின் லாருட் பகுதிக்குக் காவல் பணிக்காகப் பஞ்சாபிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள்தாம் அவர்களும்.

அவர்களுடைய முதல் குருவான குரு நானக் மேற்கொண்ட பயணங்களைப் பற்றி இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். ‘வேறு மதத்து விஷயம் நமக்கு எதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் நிறையச் செய்தி இருக்கிறது.

நானக் 1469-ஆம் ஆண்டில் தல்வண்டி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்று வழங்கும் ஊர் அது. தந்தை கிராமத்துக் கணக்கர். நானக் வளர்ந்ததும் சுல்தான்பூரில் நவாபின் தானியக் கிடங்கில் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். நம் தோட்டத்து ஸ்டோர் கிராணியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். திருமணமாகி இரண்டு ஆண் மக்களும் இருந்தார்கள்.

முப்பது வயதை எட்டும்போது ஒரு நாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் மூன்று நாள் வரை திரும்பவில்லை என்றும், வந்ததும் இந்து என்றும் இல்லை, முஸ்லிம் என்றும் இல்லை என்று சொன்னார் என்றும் சீக்கிய மரபு கூறுகிறது. அதன்பின் வேலையை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். கூடவே போனவர் மர்தானா. அவர் ஒரு முஸ்லிம், ரபாப் என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்பவர். குரு பாட, மர்தானா வாசிக்க, ஊர் ஊராகப் போனார்கள்.

இந்தப் பயணங்களைப் பஞ்சாபியர் ‘உதாசி’ என்பார்கள். கிழக்கே ஹரித்துவார், காசி, கயா, அசாம், பூரி, தெற்கே இலங்கை வரை, வடக்கே இமயமலை, மேற்கே மக்கா, மதீனா, பாக்தாத் என்று நான்கு திசையாக அவற்றைப் பிரித்துச் சொல்வது வழக்கம். கர்நாடகத்தின் பீதரிலும் நம் இராமேசுவரத்திலும் அவர் வந்துபோனதன் நினைவாகக் குருத்துவாராக்கள் இருக்கின்றன. இந்தக் கதைகளைத் தொகுத்த ‘ஜனம்சாகி’ நூல்கள் அவர் மறைந்த பிறகு எழுதப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு அடியையும் சரித்திரம் என்று அளந்து பார்க்க முடியாது. ஆனால் அவை சொல்லும் கருத்தை மறுக்க முடியுமா?

ஹரித்துவாரில் நடந்ததாகச் சொல்லப்படுவதைக் கேளுங்கள். மக்கள் கங்கையில் நின்று, முன்னோர்களுக்காகக் கிழக்கே சூரியனை நோக்கி நீர் இறைத்துக் கொண்டிருந்தார்கள். நானக் மேற்கே திரும்பி இறைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, பஞ்சாபில் உள்ள என் வயலுக்குப் பாய்ச்சுகிறேன் என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். மேலுலகத்துக்குப் போய்ச் சேரும் நீர், இந்தப் பூமியிலேயே இருக்கும் என் வயலுக்குப் போகாதா என்று கேட்டாராம். வைது பேசவில்லை. ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

முல்தானில் ஞானிகள் பலர் இருந்தார்கள். ‘இங்கே இன்னொருவருக்கு இடமில்லை’ என்பதற்கு அடையாளமாக விளிம்பு வரை பால் நிறைந்த கிண்ணத்தை அவருக்கு அனுப்பினார்கள். நானக் அதன்மேல் ஒரு மல்லிகைப் பூவை மிதக்கவிட்டார். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. போகிற ஊரில் பிறர் இடத்தைப் பறிக்காமல் மணம் சேர்த்து வாழலாம் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

என் மனத்தை மிகவும் தொட்டது லாலோவின் கதைதான். சையத்பூரில் லாலோ என்ற ஏழைத் தச்சர் வீட்டில் நானக் தங்கினார். மாலிக் பாகோ என்ற பெரிய அதிகாரி விருந்து வைத்து அழைத்தும் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது, ஒரு கையில் லாலோவின் காய்ந்த ரொட்டியையும் மறு கையில் பாகோவின் பலகாரத்தையும் எடுத்துப் பிழிந்தாராம். ஒன்றில் பால் வடிந்தது, மற்றதில் இரத்தம் வடிந்தது என்கிறது கதை.

நான் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண். சிறுவயதில் எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் சாப்பாட்டுக்கு முறை வைத்திருந்தார்கள். கிராணிமாருக்கும் பெரிய வீட்டாருக்கும் மேசை போட்டு முதலில் இலை விழும். பிறகு மண்டோர்கள். விடியற்காலை முதல் அடுப்படியில் வெந்த என் அம்மா கடைசிப் பந்தியில், ரசமும் அடிச்சோறுமாகச் சாப்பிடுவாள். ‘நாம ஆக்கின சோறுதானே, எப்பத் தின்னா என்ன?’ என்பாள். எனக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்காது.

பல வருடங்களுக்குப் பிறகு, பட்டணத்தில் கூட வேலை செய்த தோழி என்னைக் குருத்துவாராவுக்கு அழைத்துப் போனாள். செருப்பைக் கழற்றி, தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே போனோம். தரையில் நீளமான விரிப்பு. என் ஒரு பக்கத்தில் ஒரு டாக்டர், மறுபக்கத்தில் ரோடு வேலை பார்க்கும் ஒருவர். ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து ரொட்டி சுட்டார்கள். யார், எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று என் அம்மா நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. இந்தப் பொதுப் பந்திக்கு ‘லங்கர்’ என்று பெயர். இதை ஏற்படுத்தியவர் குரு நானக்.

‘மனைவி மக்களை விட்டுப் போனது சரியா?’ என்று சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அப்படியே துறவியாகிவிடவில்லை. இல்லறத்தைத் துறந்துவிட்டு, இல்லறத்தாரின் வாசலிலேயே பிச்சைக்கு நிற்பவர்களை அவர் கண்டித்தார். பயணங்கள் முடிந்ததும் ராவி நதிக்கரையில் கர்தார்பூரில் குடும்பத்தோடு குடியேறி, தாமே உழுது பயிரிட்டார். கடவுளை நினை, நேர்மையாக உழைத்துச் சாப்பிடு, இருப்பதைப் பகிர்ந்து கொடு. இந்த மூன்றும்தான் அவர் போதனையின் சாரம். 1539-இல் மறையும் முன், தம் மக்கள் இருவரையும் விட்டு, லெஹணா என்ற சீடரையே அடுத்த குருவாக்கினார். அவரே குரு அங்கத்.

அந்தக் கர்தார்பூர் 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று தூரத்திலிருந்தே கும்பிட்டு வந்த யாத்திரிகர்களுக்காக 2019 நவம்பர் 9-இல் ஒரு பாதை திறக்கப்பட்டது.

வாசகர்களே, நான்கு திசையும் நடந்தவர் கடைசியில் கையில் எடுத்தது கலப்பையைத்தான். நாம் பாக்தாத் வரை நடக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவில் உங்கள் கோயில் கமிட்டியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேசையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பந்தி போடச் சொல்லுங்கள். சமைத்த பெண்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, ஆண்கள் பரிமாறட்டும். மனம் வைத்தால் முடியாத காரியமா இது?