ஒரு எழுத்துதானே!

எங்கள் ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டால் அவ்வளவுதான்! தபால்காரர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தறிக்காரரா, சாயக்காரரா?" என்று கேட்பார். தெருவுக்கு ஆளைத் தெரியும். விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாதே!

நமக்கு இனிஷியல் என்பது 'இன்னார் பிள்ளை' என்று சொல்லும் அடையாளம். வெளிநாட்டில் அதையே பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தை உலகமே 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர்!

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனை, ஆபீஸில் அண்ணன் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லியே அறியாத அண்ணி, வீடியோ காலில் அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. தமிழில் 'க' என்று இருந்தால் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? அப்பா கந்தசாமி என்றால் 'கே', கணேசன் என்றால் 'ஜி'. வெறும் 'க'வைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுபவருக்கு எப்படித் தெரியும்? பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் கணவர் எழுத்து.

என் பெரியம்மா கல்யாணத்துக்கு முன் தார் சுற்றிய கூலியைச் சேர்த்து ஒரு வங்கியில் போட்டிருந்தார். கணக்கு அப்பா எழுத்தில். ரேஷன் கார்டு பெரியப்பா எழுத்தில். ஆதாரில் இனிஷியலே இல்லை. பெரியப்பா போன பிறகு கைச்செலவுக்கு அந்தப் பணத்தைக் கேட்டால், "இது நீங்கதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார்கள். நோட்டரி, உறுதிமொழிப் பத்திரம், சான்றிதழ் என்று ஆறு மாதம் நடந்தோம். தறியை விட்டுப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு.

"எழுத்து மாறிச்சு, சரி. நான் மாறலையே?" என்றார் பெரியம்மா. அந்தக் கவுண்டரில் யாரும் பதில் சொல்லவில்லை.

கல்யாணமானால் பெண் இனிஷியலை மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகம் நான்கையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் அம்மா, பாட்டியுடையதை முதலில் பாருங்கள். அவர்கள் சேர்த்த காசு அவர்கள் கைக்கே வரட்டும்.