எங்கள் வீட்டுக்கு வந்த பழைய தறி

"ஹோலுக்குள்ள என்ன டீச்சர், கட்டில் செய்றீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. கட்டில் இல்லை, கைத்தறி. மருதமுனையில் இருந்து வந்தது.

தங்கச்சி சவூதிக்குப் போகப்போறேன் என்று சொன்ன அன்றுதான் இது தொடங்கியது. ஏஜென்சிக்காரர் இரண்டு தரம் வந்து போய்விட்டார். உம்மா ஒன்றும் பேசவில்லை. ரிசானா நபீக்கின் ஊர் இது. வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டோடு 2005இல் போன பிள்ளை. 2013 ஜனவரி 9 எங்கள் ஊரில் எப்படி விடிந்தது, எப்படி இருட்டியது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போகாதே என்று சொல்வது லேசு. இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிறவளுக்குப் போகாமல் இருக்க ஒரு வழியும் சொல்ல வேண்டுமே.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில், கூடப் படித்தவளின் மருதமுனை வீட்டில் தங்குவோம். தறிச் சத்தத்தோடுதான் விடியும். அந்தச் சத்தம் ஞாபகம் வந்துதான் அவளுக்குப் போன் எடுத்தோம்.

பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்ட ஒரு மாமா தன் தறியைத் தந்தார். புதுப் பாவும் அங்கேயே ஓட்டிச் சுற்றித் தந்தார்கள். ஏற்றும்போது மாமா ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "அச்சுக்குள்ள நிற்கிற பழைய நூலை மட்டும் வெட்டிப்போடாதீங்க மகள்." ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மட்டக்களப்பு, வாகரை, வெருகல் தாண்டி லொறி வந்து சேர இரவாகிவிட்டது. பழைய நூல் சிக்குப்பட்டுக் கிடந்தது. இறக்க இடைஞ்சல் என்று கத்தரியை எடுத்தது நாங்களேதான்.

பிறகுதான் விளங்கியது. புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியில் முடிந்து இழுத்தால் அதது தன் இடத்துக்குப் போய்விடும். பழையது இல்லையென்றால் ஒவ்வொன்றையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லுக்குள்ளும் கையால்தான் கோர்க்க வேண்டும். அங்குலத்துக்கு 48 இழை, அகலம் 45 அங்குலம். கணக்குப் படிப்பிக்கிற வீடு, பெருக்கிப் பார்த்தோம்: 2,160. பதினொரு இரவு. தங்கச்சி பின்னால் இருந்து இழையை எடுத்துத் தர, முன்னால் இருந்து கம்பிக் கொக்கியால் இழுத்தோம். ஆறாவது இரவில் ஒரு இழை மாறிக் கோர்த்தது தெரியவந்து முந்நூறை அவிழ்த்தோம். அன்றைக்கு அவள் அழுதாள். ஆனால் எழும்பிப் போகவில்லை.

நெய்யத் தொடங்கிய நேரம் கச்சான் காற்று. பகல் ஏற ஏறப் பாவு படக் படக் என்று அறுந்தது. தறிதான் பழுது என்று மாமாவுக்குப் போன் எடுத்தால் சிரிக்கிறார். பருத்தி நூலுக்கு ஈரம்தான் பலமாம். "சுபஹ் தொழுதிட்டு உடனே இருங்க. தறிக்குக் கீழே நனைச்ச சாக்கைப் போடுங்க." அப்படியே செய்தோம், அறுவது குறைந்தது. நாடா மட்டும் சொல்வழி கேட்கவில்லை. கைத்தொழிற் புரட்சிப் பாடத்தில் வருகிற, 1733இல் ஜோன் கே செய்த அதே பறக்கும் நாடாதான். கயிற்றைக் கொஞ்சம் பலமாக இழுத்தோம், உண்மையாகவே பறந்து போய் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

முதல் சாரனின் ஒரு கரை பாம்பு மாதிரி வளைந்திருந்தது. வாப்பா அதைத்தான் ஜும்ஆவுக்கு உடுத்தார். பள்ளியால் வந்து, "மூணு பேர் விலை கேட்டாங்க" என்றார். அடுத்த இரண்டும் விற்றுவிட்டன. நூல் காசு போக மிச்சம் கொஞ்சம்தான். சவூதிச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது, அதை மறைக்கத் தேவையில்லை. நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம் என்று தங்கச்சி ஏஜென்சிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் போட்டோ இன்னும் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.

நாடாவுக்குள் வைக்கும் நூலை இப்போது சைக்கிள் சில்லில்தான் சுற்றுகிறோம். யாருடைய வீட்டிலாவது பழைய நூல் ராட்டினம் சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுக்கிறோம். காசு மட்டும் சம்பளம் போட்ட பிறகு.